அப்பத்தாவின் சுருக்குப்பையில் ரோமாபுரி

கேள்வி: எங்கள் அப்பத்தாவின் சுருக்குப்பையில் இருந்த வெள்ளிக் காசின் படம் அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கம் ஆண் தலை, மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண், கையில் இலைக்கொத்து. மாரியம்மன் காசு என்பார் அப்பத்தா. சரிதானா?
- வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேப்பிலை என்று அப்பத்தா நினைத்ததில் ஆச்சரியமே இல்லை, பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் அது ஆலிவ் கிளை, ரோமானியருக்குச் சமாதானத்தின் அடையாளம். இன்னொரு கையில் நீண்ட செங்கோல். அந்தப் பெண் பேரரசர் திபேரியஸின் தாய் லிவியா என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். முன்பக்கம் திபேரியஸ், கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். தலையில் இலை மாலை, அதைக் கட்டிய நாடா பின்கழுத்தில் தொங்குவது உங்கள் படத்திலேயே தெரிகிறது. சுற்றியுள்ள எழுத்து 'தெய்வமான அகஸ்டஸின் மகன்' என்கிறது; அகஸ்டஸ், திபேரியஸுக்கு முன் ஆண்ட முதல் ரோமப் பேரரசர். பைபிளில் இயேசு காட்டச் சொல்லிப் பார்த்து, இராயனுடையதை (ரோமப் பேரரசனுடையதை) இராயனுக்குக் கொடுங்கள் என்றாரே, அந்தக் காசு இந்த வகைதான் என்பது நெடுநாள் வழக்கு.

எடை போட்டுப் பாருங்கள். 2011-ல் வந்த ஒரு ரூபாயின் எடை, 3.8 கிராம் போல, இருக்க வேண்டும். ஓரத்தைச் சுற்றி ஒட்டுக் கோடு தெரிந்தால் வார்த்தெடுத்த நகல். அசல் காசு அச்சில் வைத்து அடித்தது.

கேள்வி: இரண்டு பையன்கள் கேடயத்தோடு நிற்கும் ரோமானியக் காசை மியூசியத்தில் பார்த்தேன். யார் அவர்கள்?
- வாசகர், சோழவந்தான்

பதில்: எனக்கு மனசு கனக்கும் காசு அது. காயஸ், லூசியஸ்; அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள். அவர்களையே மகன்களாகத் தத்தெடுத்து, எனக்குப் பிறகு இவர்கள்தான் என்று ஊருக்கெல்லாம் காட்ட, இன்றைய பிரான்சின் லியோன் நகரத்தில் கி.மு. 2-லிருந்து அடித்தார்கள். லூசியஸ் கி.பி. 2-ல் இறந்தான், காயஸ் 4-ல். அப்புறம்தான் அரியணை திபேரியஸுக்கு வந்தது. நம் பக்கம் பானை பானையாகக் கிடைத்த ரோமானிய வெள்ளியில் இந்தப் பையன்கள் காசும் உசிலம்பட்டி வாசகியின் காசும்தான் அதிகம். கி.பி. 64-ல் நீரோ எடையையும் வெள்ளியையும் குறைத்துவிட்டார், அதனால் பழைய காசுக்குத்தான் இங்கே மதிப்பு இருந்தது.

கேள்வி: பழைய வெள்ளிக் காசைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?
- வாசகர், மேலூர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். பித்தளைக் குத்துவிளக்கு இல்லை அது. கறுப்பு இருந்தால் இருக்கட்டும். தேய்த்தால் முதலில் போவது மூக்கு நுனியும் எழுத்தின் விளிம்பும்தான்.