ஊர் நூலகத்தில் ஒரு கருவியல் சொற்பொழிவு

கேள்வி: திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வாசகர் வட்டச் செயலாளராக இருக்கிறேன். வருடா வருடம் இலக்கியக் கூட்டமும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். இந்த முறை கரு எப்படி வளர்கிறது என்று ஒரு விஞ்ஞானியை அழைத்துப் பேசவைக்க ஆசை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் விவசாயிகள், பள்ளிப் பிள்ளைகள், வீட்டுப் பெண்கள். யாரை அழைப்பது, எப்போது வைப்பது, ஜனங்களுக்குப் புரியுமா? ஆண் பெண் கலந்த சபையில் இதைப் பேசலாமா என்று கமிட்டியிலேயே இரண்டு பேர் முகம் சுளிக்கிறார்கள்.

பதில்: முதலில் அந்த இரண்டு பேரைக் கவனிப்போம். பேச்சைக் கோழியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கோழி முட்டையைப் பற்றிப் பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். அதற்கும் அவர்கள் மசியவில்லை என்றால், மாணிக்கவாசகரைத் துணைக்கு அழையுங்கள். தாயின் வயிற்றில் மாதம் மாதமாக எதிலிருந்தெல்லாம் தப்பிப் பிழைத்து வந்தோம் என்று போற்றித் திருஅகவல் வரிசையாகக் கணக்குச் சொல்கிறது. அதைக் கோயிலில் குடும்பத்தோடு உட்கார்ந்துதான் கேட்கிறோம். ஒரு எச்சரிக்கை: 'எல்லாம் நமக்கு அப்போதே தெரியும்' என்று தலைமையுரைக்காரர் இதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனங்களுக்குப் புரியுமா என்ற கவலையே வேண்டாம். விடிய விடியக் கூத்தும் கதாகாலட்சேபமும் கேட்ட பூமி இது. கேட்கத் தெரிந்தவர்கள்தான் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். பேசுகிறவர் இறங்கி வருகிறாரா என்பதுதான் சிக்கல். முப்பது வருடம் கல்லூரியில் கருவியல் நடத்தியவன் நான். முதன்முதலாக ஒரு கிராமத்துக் கூட்டத்தில் பேசியபோது, ஐந்தாவது நிமிடத்திலேயே 'கேஸ்ட்ருலேஷன்' என்று ஆரம்பித்துவிட்டேன். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, "ஐயா, முட்டைக்குள்ள எது முதல்ல வருது, தலையா, வாலா?" என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே மீதி நேரத்தை ஓட்டினேன். அன்றைய கூட்டத்தைக் காப்பாற்றியவர் அவர்தான்.

(தலைதான். வால் பக்கம் இன்னும் ஒன்றும் ஆகாதபோதே தலைப் பக்கம் மளமளவென்று உருவாகிவிடும். இரண்டாம் நாளிலேயே இதயம் துடிக்கத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் முட்டையை உடைத்துப் பார்த்து, ரத்தப் பொட்டு ஒன்று உயிருள்ளதுபோல் துள்ளுகிறது என்று இரண்டாயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன்பே எழுதிவைத்தவர் அரிஸ்டாட்டில்.)

ஆகவே அழைப்புக் கடிதத்தில் 'வளர்ச்சி உயிரியலின் நவீனப் போக்குகள்' என்றெல்லாம் தலைப்புப் போடாதீர்கள். ஒரே ஒரு கேள்வியைத் தலைப்பாக வையுங்கள். 'முட்டைக்குள் குஞ்சு எங்கே இருக்கிறது?' என்பது நல்ல தலைப்பு. காரணம் சொல்கிறேன்.

நம் மொழி இந்த இடத்தில் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றியிருக்கிறது. மஞ்சள் கரு, வெள்ளைக் கரு என்கிறோம். அதனால் மஞ்சள் கருதான் குஞ்சாக மாறுகிறது என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். உண்மையில் மஞ்சள், குஞ்சுக்குக் கட்டிக்கொடுத்த சோறு. வெள்ளை அதற்குத் தண்ணீரும் புரதமும் தரும் மெத்தை. நிஜமான கரு, மஞ்சளின் மேல் வெளுப்பாக ஒட்டியிருக்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் வட்டம். நாட்டுக்கோழி முட்டையை ஒரு தட்டில் மெதுவாக உடைத்து ஊற்றினால் கண்ணுக்கே தெரியும், சுண்ணாம்புப் பொட்டு வைத்த மாதிரி. அந்தப் பொட்டுதான் பரந்து, மூன்று அடுக்காகப் பிரிந்து, மடிந்து, குழாயாகச் சுருண்டு குஞ்சாகிறது. மேலடுக்கிலிருந்து தோலும் மூளையும், நடு அடுக்கிலிருந்து தசையும் எலும்பும் ரத்தமும், கீழடுக்கிலிருந்து குடலின் உள்பூச்சும் ஈரலும் வருகின்றன. பேச்சாளர் இதை ஒரு வாழையிலையைச் சுருட்டிக் காட்டினாலே போதும், படம் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்லச் சொல்லுங்கள். கோழி பத்துப் பன்னிரண்டு நாளாக ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. குஞ்சுகளோ 21ஆம் நாளையொட்டி ஏறக்குறைய ஒன்றாகவே பொரிகின்றன. எப்படி? அடையில் உட்கார்ந்து சூடு கொடுக்கும்வரை முட்டைக்குள் வளர்ச்சி நின்றுபோய்க் காத்திருக்கிறது. சூடு பட்ட நாள்தான் எல்லாவற்றுக்கும் முதல் நாள். கோழி வளர்க்கிற அம்மாக்கள் எல்லாருக்கும் நடைமுறை தெரியும், காரணம் மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த நிமிடம் கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

லண்டனில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் 1825 முதல் இளைஞர்களுக்காகக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவு நடக்கிறது. விஞ்ஞானி ஃபாரடே அங்கே ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு சொற்பொழிவு ஆற்றினார். 1986இல் கருவியலாளர் லூயிஸ் வோல்பர்ட் பேசினார். அங்கே பேச்சைவிட மேசைமேல் என்ன வைத்துக் காட்டுகிறார்கள் என்பதுதான் பெரிது. உங்கள் மேசையில் முட்டை இருக்கட்டும்.

அதற்கு ஏற்பாடு இப்படி. கூட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக, அடைக்கு வந்த கோழி இருக்கும் வீட்டில் சொல்லி ஏழெட்டு நாட்டு முட்டை வைக்கச் சொல்லுங்கள். சேவலோடு திரிந்த கோழியின் முட்டையாக இருக்க வேண்டும். கடை முட்டை உதவாது, பண்ணையில் சேவலே கிடையாது. ஆனால் ஒப்பிட்டுக் காட்ட அதிலும் ஒன்று வாங்கி வையுங்கள். கூட்டத்தன்று சாயங்காலம் உமி பரப்பிய கூடையில் வைத்து, வெதுவெதுப்பான துணி போர்த்தி, குலுக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள். கோழியே தினமும் இரை எடுக்கக் கால் மணி நேரம் இறங்கிப் போய்வருகிறது. அதனால் கொஞ்ச நேரச் சூட்டுக் குறைவில் கெட்டுப்போகாது.

விளக்கை அணைத்துவிட்டு, முட்டையின் அகலமான முனையில் கைபேசி டார்ச்சை வைத்து, வெளிச்சம் கசியாமல் விரல்களால் சுற்றிப் பிடிக்க வேண்டும். கடை முட்டை வெறும் ஆரஞ்சு விளக்காக எரியும். ஐந்து நாள் முட்டையில் சிலந்தி வலைபோலச் சிவப்பு ரத்தக் குழாய்கள் பரவியிருக்கும், நடுவில் ஒரு கரும்புள்ளி. அது கண். கொஞ்சம் பொறுத்தால் அது அசைவதும் தெரியலாம். இன்னொரு கைபேசியின் கேமராவைப் புரொஜெக்டரில் இணைத்துவிட்டால் கடைசி வரிசைக்கும் தெரியும். மேடையில் அடை முட்டையை மட்டும் உடைக்க வேண்டாம். தேவையும் இல்லை, பிள்ளைகள் அழுதால் கூட்டம் அத்தோடு முடிந்தது. ஏழில் ஒன்று கூமுட்டையாக இருந்தால் அதையும் காட்டுங்கள், அதுவும் பாடம்தான்.

யாரை அழைப்பது? தூரத்தில் தேட வேண்டாம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம், திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம். கொள்ளிடத்தைத் தாண்டினால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். நெல்மணிக்குள் இருக்கும் முளையைப் பற்றிப் பேச ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். கதிர் பூத்துப் பால் பிடித்து மணியாவதும் கரு வளர்ச்சிதான், அதைத் தனியாக இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் முன்னால் கடிதம் எழுதுங்கள். வருகிறவர்கள் யார், எத்தனை நிமிடம், தமிழில்தான் பேச வேண்டும், வண்டி யார் அனுப்புவது என்று நான்கையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நன்றாகப் பேசக்கூடிய விஞ்ஞானிகள் பலர் தமிழில் பேசப் பயப்படுவார்கள், எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே படித்தவர்கள். உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளி விலங்கியல் ஆசிரியரை ஒரு நாள் அவரோடு போனில் பேசவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

கருத்தரங்கம் மட்டும் வேண்டாம். ஆறு பேர், ஆளுக்குப் பதினைந்து நிமிடம், கடைசியில் சான்றிதழ். அது கல்லூரிக்காரர்களுக்குப் பதவி உயர்வுக் கணக்குக்கு உதவும், ஊருக்கு உதவாது. ஒருவர், நாற்பது நிமிடம், அப்புறம் கேள்வி. ஒரு கூட்டத்தில் வரவேற்பு, தலைமை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை எல்லாம் முடிந்து எனக்கு மைக் கிடைத்தபோது ஒரு மணி பத்து நிமிடம் போயிருந்தது. கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஜனங்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். பொன்னாடை வேண்டுமென்றால் பேச்சு முடிந்தபிறகு போர்த்துங்கள்.

மாதம், மாசி முதல் பாதி. சம்பா அறுப்பு முடிந்து, உளுந்து பயறு வயலில் தானாக வந்துகொண்டிருக்கும், கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும். பிளஸ் டூ தேர்வு நெருங்குவதற்குள் முடித்துவிடுங்கள். பங்குனி என்றால் கோயில் ஒலிபெருக்கியோடு போட்டி போட வேண்டியிருக்கும். முகூர்த்த நாளாக இருந்தால் மைக்செட்டும் கிடைக்காது, ஆளும் கிடைக்காது.

பேச்சாளர் நடுவில் சொல்ல இரண்டு கதை யோசனை சொல்கிறேன். 1924இல் ஜெர்மனியில் ஹில்டே மான்கோல்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளரும் அவருடைய பேராசிரியர் ஸ்பீமனும் ஒரு சாலமண்டர் (பல்லிபோல் தெரியும், தவளைக்கு உறவான பிராணி) கருவிலிருந்து சின்னத் துண்டை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டிய பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒட்டிய இடத்தில் இரண்டாவதாக ஒரு உடலே உருவாயிற்று, அதுவும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்ட கருவின் செல்களாலேயே. கொத்தனார் ஒருவர் வந்து இறங்கியதும் ஊர் ஆட்களே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. 1935இல் ஸ்பீமனுக்கு நோபல் பரிசு. மான்கோல்டோ அந்த 1924ஆம் ஆண்டிலேயே, 25 வயதில், தீ விபத்தில் இறந்துபோயிருந்தார். இன்னொன்று நம் நாட்டுக் கதை. ஒடிசாவில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடி, தலைப்பிரட்டையின் வாலை வெட்டி வைட்டமின் ஏ கொடுத்தபோது, வால் முளைக்க வேண்டிய இடத்தில் கால்கள் முளைத்தன. 1992இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. அவர் பெயர்பெற்ற ஒடிசி நடனக் கலைஞரும்கூட என்று சொல்லுங்கள், தஞ்சை ஜில்லாவில் அதற்குத் தனி மரியாதை கிடைக்கும்.

கேள்வி நேரத்தில் மைக்கைச் சுற்றவிடாதீர்கள், சீட்டு கொடுங்கள். பெண்கள் சீட்டில்தான் கேட்பார்கள். வரப்போகும் கேள்விகளையும் இப்போதே சொல்லிவிடலாம். கிரகணத்தில் வெளியே வந்தால் குழந்தைக்கு உதடு பிளக்குமா? பிளக்காது. முகத்தின் இரு பக்கத்திலிருந்தும் வளர்ந்துவரும் மடல்கள் நடுவில் சேர்ந்தால்தான் மேலுதடு, ஏழாவது வாரம் வாக்கில் அந்த வேலை முடிகிறது. சேராமல் போவதற்குப் பரம்பரை, சில மருந்துகள், தாய் புகைப்பது என்று காரணங்கள் உண்டு, கிரகணம் அதில் இல்லை. ஆணா பெண்ணா என்பது யாரால்? மனிதரில் தகப்பன் தரும் விந்தணுவால். கோழியில் அது தாயின் முட்டையால். கோடியக்கரைப் பக்கம் கரையேறும் பங்குனி ஆமைக்கோ மணலின் சூட்டால், சூடு கூடினால் பெண் குஞ்சுகள் கூடுதல். பெண் பிள்ளை பெற்றாள் என்று மருமகளைத் திட்டுகிற மாமியார் யாராவது கூட்டத்தில் இருந்தால் அந்த மூன்று வரியும் போய்ச் சேரட்டும். ஸ்கேனில் தெரிந்துகொள்ள வழி உண்டா என்று சீட்டு வந்தால், 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று ஒரே வரியில் முடித்துவிட வேண்டும்.

சொந்தத்தில் கல்யாணம், ஃபோலிக் அமில மாத்திரை என்று சிலர் வீட்டுக் கதையோடு வருவார்கள். பொதுவாகச் சொல்லக்கூடியதைப் பேச்சாளர் சொல்லலாம்: மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது, பல பெண்களுக்குக் கரு தங்கியதே அப்போது தெரியாது, அதனால்தான் அந்தக் குழாய் சரியாக மூட உதவும் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்கச் சொல்கிறார்கள். அதற்கு மேல் போனால் அது வைத்தியம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தால் அந்தச் சீட்டுகளை அவரிடம் தள்ளிவிடலாம்.

கூட்டம் முடிந்த கையோடு முட்டைகளை அடைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள், டீ வடை எல்லாம் அப்புறம். எல்லா முட்டையிலும் பென்சிலால் எண் போட்டுவையுங்கள். பதினாறு நாள் கழித்து எந்த எண் பொரிந்தது என்று பார்க்க நூலகத்துப் பிள்ளைகள் அந்த வீட்டு வாசலில் நிற்பார்கள், வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.