விடியற்காலை மூன்று மணிக்கு அலறி எழுகிறேன், டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 38. சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பேக்கிங் வேலை பார்த்தேன். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் பக்கத்து அறை வெடித்ததில், என்னோடு ஒரே வேனில் வேலைக்கு வரும் தோழி இறந்துவிட்டாள். என் கையில் தீக்காயம், அது ஆறிவிட்டது. ஆனால் விடியற்காலை மூன்று மணி வாக்கில் அதே சத்தம் கேட்டு அலறி எழுகிறேன். தூங்கவே பயமாக இருக்கிறது. பகலில் ஒரு குடம் தண்ணீர் தூக்கத் தெம்பில்லை. அசதி தாங்காமல் எட்டரைக்கே படுத்துவிடுகிறேன். ஏழு மணிக்குத்தான் எழுகிறேன். மாமியார் கோடாங்கியிடம் கூட்டிப் போனார். கணவர் சோம்பேறித்தனம் என்கிறார். மெடிக்கலில் வாங்கிய தூக்க மாத்திரையைப் பல மாதமாகப் போடுகிறேன். இப்போது அதுவும் கேட்கவில்லை.
- பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்

பதில்: மூன்று மணிக்குக் காரணம் இருக்கிறது, சகோதரி. இரவின் முற்பகுதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கனவுத் தூக்கம் பின்னிரவில்தான் நீளும். உங்கள் கெட்ட கனவும் அந்த நேரம் பார்த்து வருகிறது. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது பி.டி.எஸ்.டி., அதாவது பேரதிர்ச்சிக்குப் பிறகு தொடரும் மனப் பாதிப்பு போலத் தெரிகிறது. பேராபத்தில் தப்பிய சிலரின் உடம்பு, ஆபத்து போன பிறகும் காவல் காப்பதை விடாது. சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு படபடக்கும். ராத்திரி முழுக்கக் காவல் காத்தால் பகலில் குடம் தூக்கத் தெம்பு எங்கிருந்து வரும்? இது சோம்பேறித்தனம் இல்லை. ஆனாலும் ரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அசதியை எல்லாம் மனசின் மேல் போட்டுவிட்டு, உடம்பில் இருக்கும் குறையைக் கவனிக்காமல் விடுவதும் நடக்கிறது.

இனி நான் சொல்வது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். எட்டரைக்குப் படுக்காதீர்கள். எட்டரையிலிருந்து ஏழு வரை பத்தரை மணி நேரம் பாயில் கிடந்து, அதில் பாதிதான் தூங்கினால், பாயைப் பார்த்தாலே பயப்பட மனசு பழகிவிடும். பதினொரு மணிக்குப் படுங்கள். தூங்கினாலும் தூங்காவிட்டாலும் காலை ஐந்தரைக்கு எழுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மதியம் கண் சொருகினால் இருபது நிமிஷம் போதும். முதல் வாரம் அசதி கூடத்தான் செய்யும். பொறுத்துக்கொண்டால் தூக்கம் சேர்ந்தாற்போல வர ஆரம்பிக்கும். வலிப்பு நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். சாயங்காலத்துக்கு மேல் டீயை விட்டுவிடுங்கள்.

அலறி எழுந்ததும் கண்ணை மூடித் தூக்கத்தை வலிய வரவழைக்கப் பார்க்காதீர்கள். விளக்கைப் போட்டு, வெறுங்காலைத் தரையில் ஊன்றி, முகத்தில் தண்ணீர் அடியுங்கள். 'இது என் வீடு, இன்றைக்கு வியாழக்கிழமை, அடுப்பு அணைந்திருக்கிறது' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபடி தூக்கம் கண்ணைச் சுற்றும்போது படுத்தால் போதும்.

கனவுக்கென்றே ஒரு பயிற்சி உண்டு. பகலில், மனசு நிதானமாக இருக்கும்போது, அந்தக் கனவை ஒரு நோட்டில் எழுதி முடிவை மாற்றுங்கள். சத்தம் வரும் முன்பே வேன் வந்து நிற்கிறது, இரண்டு பேரும் ஏறிவிடுகிறீர்கள் என்று மாற்றலாம். உங்களுக்குப் பிடித்த வேறு எந்த முடிவாகவும் இருக்கலாம். புதிய கதையைத் தினமும் பத்து நிமிஷம் மனசில் ஓட்டிப் பாருங்கள். இறந்தவளுக்குத் துரோகம் செய்வதுபோலத் தோன்றி அழுகை வரலாம். தாங்கவில்லை என்றால் நோட்டை மூடிவிட்டு, ஆலோசகரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அந்த மாத்திரையைப் பற்றி: தூக்க மாத்திரைகளில் பல, நாளாக நாளாகப் பலிக்காமல் போகும், பி.டி.எஸ்.டி.யையும் அவை குணப்படுத்துவதில்லை. அதற்காக நாளைக்கே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பதற்றம் பல மடங்காகத் திரும்பும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் சொல்லும் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். அந்த விபத்தையே நேராக எடுத்துப் பேசும் சிகிச்சைதான் இதற்கு முதல் மருந்து. தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை தருவார்கள். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஒரு வாரத்தில் பலனில்லை என்று விட்டுவிடாதீர்கள். கோடாங்கியிடம் போனால் மாமியாருக்கு நிம்மதி என்றால் போய்வாருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. மருத்துவமனைக்குப் போகும் நாளை மட்டும் அதற்காகத் தள்ளாதீர்கள். செத்துப் போகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. எந்த நேரமும், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. மனைவி அலறும்போது பிடித்து உலுக்காதீர்கள். கனவுக்குள் இருப்பவருக்கு அது தாக்குதலாகத் தெரியும். கொஞ்சம் தள்ளி நின்று, விளக்கைப் போட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தீபாவளி நெருங்கினால் உங்கள் ஊர்ப்பக்கம் ராத்திரிகள் இன்னும் மோசமாகும். ஐப்பசி பிறக்கும் முன்பே முதல் தடவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.