வெளியேறச் சொன்னால் எங்கே போவது?

கேள்வி: அப்பாவுக்கு 1984இல் அரச காணி ஒன்றுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. 1990இல் இடம்பெயர்ந்தபோது அது தொலைந்துவிட்டது. திரும்பி வந்து அதே காணியில் வீடு கட்டி இருக்கிறோம். இப்போது 30 நாளில் வெளியேறு என்று கதவில் அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் இப்படிச் செய்யலாமா? திருகோணமலையிலேயே வழக்குப் போடலாமா, ஐயா?
வாசகர், திருகோணமலை

பதில்: கோபம் நியாயம்தான். ஆனால் ‘எங்களைக் கேட்கவில்லை’ என்பதை முதல் வாதமாக வைக்காதீர்கள். உங்களுக்கு வந்திருப்பது அநேகமாக 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறல்) சட்டத்தின்கீழ் வந்த அறிவித்தல். அந்த அறிவித்தல் பற்றி விளக்கம் சொல்லவோ விசாரணை கேட்கவோ யாருக்கும் உரிமை இல்லை என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கொடுமையான பிரிவு என்பது என் அபிப்பிராயம், ஆனால் என் அபிப்பிராயத்தைக் கொண்டுபோய் நீதவானிடம் காட்ட முடியாதே.

நாள் கடந்தும் நீங்கள் போகாவிட்டால் விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்கு வரும். அங்கே இடம்பெயர்ந்த கதையும் கடன்பட்டு வீடு கட்டிய கதையும் எடுபடாது, செல்லுபடியான அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்துமூல அதிகாரமோ உங்களிடம் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். இல்லையென்றால் வெளியேற்றக் கட்டளை, அதற்கு மேன்முறையீடும் கிடையாது. அதனால் முதல் வேலை அந்தப் பத்திரத்தின் பிரதியைத் தேடுவது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச செயலகத்தில் நாளைக்கே எழுத்தில் கேளுங்கள், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அப்பா இப்போது இல்லையென்றால், பின்னுரித்தாளராக, அதாவது அவருக்குப் பிறகு காணி சேர வேண்டியவராக, யார் பெயர் பதிவாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பலர் வழுக்கி விழுவது அந்த இடத்தில்தான்.

சரி, அப்போ அதிகாரி நினைத்ததெல்லாம் செய்யலாமா? முடியாது. அது அரச காணியாக இருக்க வேண்டும், கையெழுத்து வைத்தவர் அந்தச் சட்டம் சொல்லும் தகுதிவாய்ந்த அதிகாரியாக இருக்க வேண்டும், அவகாசம் 30 நாளுக்குக் குறையக் கூடாது. இதில் பிழை இருந்தால் அறிவித்தலை ரத்துச் செய்யச் சொல்லி எழுத்தாணை, அதாவது றிட், கேட்கலாம். ஆனால் இங்கே அல்ல. அரச காணியிலிருந்து வெளியேற்றும் அறிவித்தலுக்கு எதிரான றிட் மனுவை மாகாண மேல் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று 2013இல் ஒரு தோட்டக் காணி வழக்கில் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நீதவான் நீதிமன்ற அழைப்பாணை வரும்வரை காத்திராமல், அந்த 30 நாளுக்குள் ஒரு சட்டத்தரணியைப் பிடித்துவிட்டு இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி: எங்கள் தேநீர்க்கடை உரிமத்தைப் புதுப்பிக்க முடியாது என்று பிரதேச சபையில் வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இதற்கும் கொழும்புதானா?
வாசகி, நிலாவெளி

பதில்: இல்லை அம்மா. உள்ளூராட்சி, அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளுக்குக் கொடுத்த அதிகாரங்களின் பட்டியலில் இருக்கிற விடயம், ஆகவே திருகோணமலையில் உள்ள மாகாண மேல் நீதிமன்றத்திலேயே றிட் கேட்கலாம். அதற்கு முதல் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் பதில் கேளுங்கள். வாயால் சொன்னதை வைத்து வழக்காடுவது பெரும்பாடு, நாளைக்கு ‘அப்படிச் சொல்லவே இல்லை’ என்றால் என்ன செய்வீர்கள்?