முன் அனுபவம் இல்லாதவர்கள் மலைப்பகுதியில் ஸ்னோமொபைல் பயணம் போக எப்படித் திட்டமிடுவது?

நண்பர்கள் ஆறு பேர், எல்லாரும் டெக்சாஸ்வாசிகள், பனியில் வண்டி ஓட்டியதில்லை, நாலு நாள் லீவு, ராக்கி மலைப்பக்கம் தினமும் ஒரு ஊரில் தங்கிக்கொண்டே ஸ்னோமொபைலில் (பனி மேல் ஓடும் மோட்டார் வண்டி) சுற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த "தினமும் ஒரு ஊர்" யோசனையை முதலில் தூக்கிப் போடுங்கள். முதல் பயணத்துக்கு அது ஒத்து வராது. ஒரே ஊரில் அறை போட்டுவிட்டு, காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சாமானைச் சுமக்க வேண்டாம், ஈரமான கையுறையும் சாக்ஸும் ராத்திரி காய்ந்துவிடும், உங்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் அவர் அன்றைக்கு அறையில் படுத்திருக்கலாம்.

ஊர் எது என்றால், நான் யோசிக்காமல் சொல்வது மொன்டானாவில் இருக்கும் வெஸ்ட் யெல்லோஸ்டோன். சின்ன ஊர். 6,667 அடி உயரம், நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனால் குளிர் ஊட்டிக் குளிர் இல்லை: 1933 பிப்ரவரியில் இந்த ஊரை ஒட்டிய பூங்கா எல்லையில் மைனஸ் 66 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவாகியிருக்கிறது. அந்த அளவுக்கு உங்களுக்கு வாய்க்காது என்றாலும் ஜனவரிக் காலைகளில் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். (ஃபாரன்ஹீட் பூஜ்யம்தான் சொல்கிறேன்.)

இந்த ஊரின் வசதி என்னவென்றால், ஊருக்குள் தெருவிலேயே ஸ்னோமொபைல் ஓட்டலாம். விடுதி வாசலில் ஏறி, பெட்ரோல் பங்க்கில் நிரப்பிக்கொண்டு, நேராகப் பாதைக்குப் போய்விடலாம். கிழக்கே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. மேற்கிலும் தெற்கிலும் தேசிய வனங்கள், அதைத் தாண்டினால் ஐடஹோ மாநிலம். இரண்டு பக்கத்துக்கும் சட்டதிட்டம் வேறு வேறு. திட்டம் போடுகிறவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்.

பூங்காவுக்குள் நீங்களாக நுழைய முடியாது. டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரைதான் பருவம். அந்தச் சமயம் மேற்கு வாசல் வழியாகக் கார் போகாது, பனி வண்டிகள் மட்டும்தான். அனுமதி பெற்ற வழிகாட்டியுடன் குழுவாகப் போக வேண்டும், ஓட்டுகிறவரிடம் டிரைவிங் லைசென்ஸ் இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 35 மைலுக்குள். வழிகாட்டி இல்லாமல் போகக் குலுக்கல் முறையில் கொஞ்சம் அனுமதிச் சீட்டு தருகிறார்கள், ஆனால் அது அனுபவமுள்ளவர்களுக்கு, உங்களுக்கு வேண்டாம். காசு கொடுத்து வழிகாட்டியோடு ஒரு நாள் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்றுக்குப் போய் வாருங்கள். ஒரு வழி 30 மைல். காட்டெருமைகளுக்கு ஆழமான பனியில் நடப்பது சிரமம் என்பதால் நமக்காகச் சமன் செய்த பாதையிலேயே வரிசையாக வரும். வழிகாட்டி கையைத் தூக்குவார், எல்லாரும் ஓரங்கட்டி நிற்க வேண்டும். மீசையெல்லாம் வெள்ளை உறைபனியோடு ஒரு டன் எடைக் கடா ஒன்று நம் வண்டியைத் தாண்டிப் போகிறபோது ஹெல்மெட்டுக்குள் நம் மூச்சுச் சத்தம் நமக்கே கேட்கும். அந்த நேரத்தில் போனை எடுக்கிறேன் என்று கையுறையைக் கழற்றாதீர்கள்.

வனப் பக்கம் வழிகாட்டி கட்டாயமில்லை. மொன்டானா, ஐடஹோ இரண்டுக்கும் பாதையில் ஓட்டுவதற்கான அனுமதி ஸ்டிக்கர் உண்டு, வாடகை வண்டியில் இருக்கிறதா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது டூ டாப் பாதை. ஏறக்குறைய 30 மைல் சுற்று, மாநில எல்லை மலைமுகடு வரை ஏறும். உச்சியில் காற்று அடித்து அடித்து மரங்களின் மேல் பனி அப்பி, மரம் என்றே தெரியாத உருவங்களாக நிற்கும். மேகமூட்டமான நாளில் மட்டும் அங்கே ஏறாதீர்கள். நிழலே விழாது, பள்ளம் எது மேடு எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. இன்னொரு நாள் ஐடஹோவில் இருக்கும் ஐலண்ட் பார்க் ஊர்ப் பக்கம் போய் பிக் ஸ்பிரிங்ஸ் ஊற்றைப் பார்க்கலாம். வருடம் முழுக்க 52 டிகிரி ஃபாரன்ஹீட்டிலேயே ஓடுகிற தண்ணீர், குளிர்காலத்திலும் உறையாது. அந்தப் பக்கம் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும்.

பெட்ரோல் என்றதும் சொல்ல வேண்டும். பாதையின் நீளத்தை வரைபடத்தில் அளந்து திட்டம் போடாதீர்கள். டேங்கையும் வெளிச்சத்தையும் வைத்துப் போடுங்கள். வாடகை வண்டி ஒரு டேங்குக்கு நூறு மைல் போகும் என்பார்கள். புதுப்பனியில் அதே வண்டி நிறையக் குடிக்கும். பாதி டேங்க் ஆவதற்கு முன்பே திரும்புங்கள். ஜனவரி ஆரம்பத்தில் எட்டு மணிக்குத்தான் விடியும், ஐந்துக்கெல்லாம் சூரியன் போய்விடும். பாதையை ராத்திரியில் இயந்திரம் வைத்துச் சமன் செய்வார்கள், அதனால் காலையில் வழவழவென்று இருக்கும். மத்தியானத்துக்கு மேல், அதுவும் சனிக்கிழமை என்றால், வண்டிகள் ஓடி ஓடிக் குண்டும் குழியுமாகிவிடும். பின்னால் உட்கார்ந்து வருகிறவர் பாடுதான் பெரும்பாடு. ஆறு பேருக்கு மூன்று வண்டி போதும் என்று கணக்குப் போட்டிருந்தால், முடிந்தால் ஆளுக்கொன்று எடுங்கள்.

ஓட்டுவது கஷ்டமில்லை. ஆக்ஸிலேட்டர் வலது கட்டைவிரலில், பிரேக் இடது கையில். கட்டைவிரல்தான் முதலில் மரத்துப்போகும், அதற்கென்றே தனி ஹீட்டர் சுவிட்ச் இருக்கும். விழுந்தால் இன்ஜின் நிற்க ஒரு கயிற்றை உடம்போடு மாட்டிக்கொள்ள வேண்டும், சோம்பல்படாமல் மாட்டுங்கள். எதிரே வருகிறவர் விரல்களைக் காட்டினால் அவருக்குப் பின்னால் அத்தனை வண்டி வருகிறது என்று அர்த்தம். மூடிய முஷ்டியைக் காட்டினால் அவர்தான் கடைசி. சமன் செய்த பாதையை விட்டு இறங்கும் ஆசை இரண்டாம் நாள் கண்டிப்பாக வரும். 30 டிகிரிக்கு மேல் சரிவுள்ள மலையில் பனிச்சரிவு வரலாம், சரிவுக்குக் கீழே சமதளத்தில் நின்றாலும் அது வந்து மூடும். மொன்டானாவின் போஸ்மன் நகரில் இருக்கும் கல்லாட்டின் பனிச்சரிவு மையம் தினமும் எச்சரிக்கை வெளியிடுகிறது, படித்துப் பாருங்கள். பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி), மண்வாரி, பனிக்குள் குத்தித் துழாவும் கம்பு மூன்றும் வாங்கிவிட்டாலே போதாது, பயிற்சி வேண்டும். பயிற்சி இல்லையென்றால் பாதையிலேயே இருங்கள்.

உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட் கடையில் கொடுத்துவிடுவார்கள். உள்ளே போடுவது உங்கள் பொறுப்பு: கம்பளி அல்லது சிந்தெடிக். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டவே வேண்டாம், வியர்வை பிடித்துக்கொண்டு உடம்பை விறைக்க வைக்கும். வாடகை ஒப்பந்தத்தில் சேதத்துக்கு எவ்வளவு வரை நீங்கள் பொறுப்பு என்ற பத்தியைப் பொறுமையாகப் படியுங்கள், பெரிய தொகையாக இருக்கும். எடுக்கும்போதே வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள்.

அப்புறம் போய்ச் சேருவது. போஸ்மன் விமான நிலையத்திலிருந்து 90 மைல். கல்லாட்டின் பள்ளத்தாக்கு வழியே வளைந்து வளைந்து, ஐஸ் படிந்த சாலை. பகல் விமானம் போடுங்கள், ஆல்வீல் டிரைவ் வண்டி கேளுங்கள். மளிகையைப் போஸ்மனிலேயே வாங்கிவிடுங்கள். சைவம் என்றால் ஊரில் தேர்வு குறைவு. ஒரு சின்ன ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சல் பாட்டிலும் பெட்டியில் இருந்தால் ராத்திரிச் சாப்பாட்டுக் கவலை இல்லை. பிப்ரவரி நடுவில் பிரசிடென்ட்ஸ் டே விடுமுறை வாரத்தைத் தவிர்த்துவிட்டு, ஜனவரி மூன்றாம் வாரத்துக்கு மேல் பாருங்கள். பூங்கா வழிகாட்டி இடத்தை முதலில் பதிவு செய்துவிட்டு, அந்தத் தேதியைச் சுற்றி மற்றதைப் போட்டுக்கொள்ளலாம்.