சொராரிட்டிக் கதவு யாருக்குத் திறக்கும்? (கேள்வி பதில்)

மகள் ஆகஸ்டில் அமெரிக்காவில், அலபாமா மாநிலத்தில் காலேஜ் சேர்கிறாள். 'ரஷ்' போகப் போகிறாளாம். அது என்ன மேடம்? (ஓர் அம்மா)

சொராரிட்டி என்பது கல்லூரிப் பெண்களின் சங்கம். கிரேக்க எழுத்தில் பெயர், பல இடங்களில் சொந்த வீடு, கணிசமான சந்தா. ரஷ் என்பது ஆள் எடுக்கும் வாரம். மாணவிகள் வீடு வீடாகப் போய்ப் பேசுவார்கள்; உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுப் பட்டியலைச் சுருக்குவார்கள். கடைசியில் வரும் அழைப்புக்கு 'பிட்' என்று பெயர். பெண் பார்க்கும் படலம்தான், ஒரே வாரத்தில் பத்துப் பதினைந்து வீடுகளில்!

கறுப்பினப் பெண்களைச் சேர்க்கக் கூடாது என்று விதியே இருந்ததா அக்கா? (மாணவி)

எழுதிவைத்த இடமும் உண்டு, எழுதாமலே நடந்த இடமும் உண்டு. விதி போன பிறகும் பழக்கம் போகவில்லை. முதல் கேள்வியில் வந்த அலபாமாவையே எடுத்துக்கொள்வோம். கறுப்பின மாணவர்கள் நுழையக் கூடாதென்று 1963இல் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் வாசலில் வந்து நின்றாரே, அதே அலபாமா பல்கலைக்கழகம்தான். சரியாக 50 ஆண்டு கழித்து, 2013 செப்டம்பரில், 'தி கிரிம்சன் வைட்' என்ற மாணவர் பத்திரிகை விஷயத்தை உடைத்தது. பள்ளியில் இரண்டாம் இடம் பிடித்த ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு எந்த வீட்டிலிருந்தும் பிட் வரவில்லை. அவளை எடுக்க விரும்பிய உறுப்பினர்கள் இருந்தார்கள். பழைய மாணவிகள்தான் குறுக்கே நின்றார்கள். ஓர் உறுப்பினர் துணிந்து தன் பெயரையே கொடுத்துப் பேசினார். அப்புறம் பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி பானர் ஆள் சேர்ப்பை மறுபடி திறக்கச் சொன்னார். சில நாட்களிலேயே 11 கறுப்பினப் பெண்களுக்கு பிட் போனது. அப்போதைக்கு நான்கு பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

படிப்பு முடித்துப் போனவர்களுக்கு அங்கே என்ன வேலை?

நல்ல கேள்வி. சிபாரிசுக் கடிதம் எழுதுவது அவர்கள்தான். அம்மாவோ பாட்டியோ உறுப்பினராக இருந்தால் 'லெகசி' என்று தனிச் சலுகை வேறு. பாட்டி காலத்தில் யாரை உள்ளே விட்டார்கள்? கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. 2020க்குப் பிறகு பல சங்கங்கள் லெகசி சலுகையைக் கைவிட்டன. விளம்பரப் படத்தில் நாலு நிறத்து முகங்களை நிறுத்துவதைவிட இதைத்தான் பெரிய மாற்றம் என்பேன்.

கறுப்பினப் பெண்கள் தனிச் சங்கம் வைத்திருப்பதும் பிரிவினைதானே? (ஓர் அப்பா)

இல்லை சார். கதவு சாத்தப்பட்டவர்கள் கட்டிய வீடு அது. அப்படிப்பட்ட ஒரு சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, கறுப்பின மாணவர்கள் பெருமளவில் படிக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908இல் தொடங்கியது. நம் சென்னைப் பெண் ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படிக்கும்போது அதில்தான் சேர்ந்தார்.

இந்தியப் பெண்கள் எங்கே போவது?

எங்கும் போகலாம். தெற்காசியப் பெண்களுக்கென்றும் உண்டு. டெல்டா ஃபை ஒமேகா 1998இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. பெரிய வீடுகளுக்குப் போனால், இறுதிப் பட்டியலில் கைவைக்க யாருக்கு உரிமை என்று கேட்கச் சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த வீடு. சந்தா எவ்வளவு என்பதை மட்டும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.