முள் நிற்கும் முன்னே

அன்புள்ள அக்கா,

நான் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்தவள், இப்போது ஆய்வு மாணவி. ஒரு மூலிகைச் சாறு எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்கிறது ஒரு வெளிநாட்டுக் கட்டுரை. அதை மூன்று தடவை செய்துபார்த்தேன், குறையவே இல்லை. “உன் கை சரியில்லை” என்கிறார் மேற்பார்வையாளர். விஞ்ஞானமே பொய்யோ என்று தோன்றுகிறது. லயத்துப் பிள்ளைக்கு இந்த வேலை கைவராதோ? தலைப்பை மாற்றிவிடவா? வாசிக்கப் புத்தகங்களும் சொல்லுங்கள்.

(கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தங்கச்சி,

புத்தகங்களைப் பிறகு பார்க்கலாம். விஞ்ஞானம் பொய்யா என்பது களைத்துப்போன இரவில் எழுதிய வரி, விடிந்ததும் நீங்களே அடித்திருப்பீர்கள். அந்தக் “கை” என்ற சொல்தான் என்னை விடவில்லை. கொஞ்ச நாளாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் திட்டிவிடுகிறேன். மூன்று பக்கக் கடிதத்தில் மேற்பார்வையாளரின் கோபத்துக்கு ஒரு முழுப் பக்கம். எத்தனை எலிகள் என்று எங்கும் இல்லை. எத்தனை மணிநேரம் பட்டினி போட்டீர்கள், இரத்தம் எடுத்தது காலையிலா மாலையிலா, எலியைப் பிடித்தது யார், ஒன்றும் இல்லை. பயந்த எலிக்குச் சர்க்கரை ஏறும். புதிய கை பிடித்த எலியும் பழகிய கை பிடித்த எலியும் ஒரே எண்ணைக் காட்டாது. இதையெல்லாம் எழுதாமல் “குறையவே இல்லை” என்றால் நான் எதை நம்புவது?

அந்தக் கட்டுரையிலும் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். புற்றுநோய் ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்க்கப் புறப்பட்ட ஒரு குழு 2021 இல் முடிவுகளை வெளியிட்டது. 193 பரிசோதனைகளைச் செய்யத் திட்டமிட்டு 50 ஐத்தான் முடிக்க முடிந்தது. எழுதியவர்களிடம் கேட்காமல், கட்டுரையை மட்டும் வைத்துச் செய்யக்கூடியதாக அந்த 193 இல் ஒன்றுகூட இருக்கவில்லை.

சரி, கைக்கு வருவோம். அமெரிக்காவில் மினா பிஸல், கோர்னீலியா பொல்யாக் என்று இரண்டு பெரிய ஆய்வாளர்கள். ஒருவர் பெர்க்லியில், மற்றவர் பாஸ்டனில். சேர்ந்து செய்த வேலையில் ஒரே வகை மார்புத் திசுவிலிருந்து பிரித்த உயிரணுக்கள் இரண்டு இடத்திலும் ஒத்துப்போகவில்லை. ஒரு வருடம் போல மண்டையை உடைத்தார்கள். கடைசியில் இரு பக்கத்து ஆட்களும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்துபார்த்தார்கள். ஒருவர் திசுவைச் சில மணிநேரம் வேகமாகக் கலக்கினார். மற்றவர் ஒரு நாள் வரைக்கும் மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இதைப் போய் எழுதுவதா என்று இருவருமே விட்டிருந்தார்கள். இரண்டும் தேர்ந்த கைகள், தங்கச்சி.

என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். நான் பிறந்தபின் அவர் வேலைக்குத் திரும்பிய காலத்தில் அவருக்கு “மெதுவான கை” என்று பெயர் விழுந்துவிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கைக் கொக்கியில் மாட்டினால் தராசு முள் 15க்கும் 17க்கும் இடையில் ஆடும். அது ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். பின்னால் வரிசை நிற்கிறது, மழை வேறு. அம்மாவுக்கு 15. கெட்டிக்காரி என்று பெயரெடுத்த பக்கத்து லயத்து அக்காவுக்கு முள் மேலே போகும்போது எண் விழும். 16 வந்தால்தான் முழுப் பேர், அதாவது ஒரு நாளின் முழுச் சம்பளம். எத்தனையோ நாள் அம்மாவுக்கு அரைப் பேர்தான்.

அந்த மனிதர் கள்ளர் இல்லை. எங்கள் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாக வந்து நின்றவர். ஒருமுறை அவர் காய்ச்சலில் படுத்துவிட, வேறு டிவிஷனிலிருந்து ஒரு பொடியன் நிறுக்க வந்தான். அவனுக்கு யார் பெயரும் தெரியாது. சாக்கு நம்பரைக் கேட்டு, முள் நிற்கும்வரை பார்த்து, எழுதினான். அம்மாவுக்கு 17.

அன்று இரவு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டே அம்மா கேட்டார், “இன்னைக்கு என் கை மாறுச்சா, பார்க்கிற கண்ணு மாறுச்சா?”

நான் மேலே படிக்கப் போய்ப் பத்து வருடம் கழித்துக் கற்றுக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். எந்த எலிக்கு மருந்து, எந்த எலிக்கு வெறும் தண்ணீர் என்று அளப்பவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் முந்திக்கொள்ளும். 2012 இல் பெக்லி, எல்லிஸ் என்ற இரண்டு புற்றுநோய் ஆய்வாளர்கள் ஒரு கணக்கு எழுதினார்கள். அம்ஜென் மருந்து நிறுவனம் புற்றுநோய் ஆய்வில் பெயர்பெற்ற 53 கட்டுரைகளைச் சோதித்துப் பார்த்ததில் 6 தான் தேறின. தேறியவற்றைச் செய்தவர்கள் ஒப்பீட்டுக் குழுக்களிலும், தங்கள் சொந்தச் சாய்விலும் கவனமாக இருந்தவர்கள், எடுத்த எண்கள் முழுவதையும் காட்டியவர்கள் என்றும் எழுதினார்கள். மீதி 47 பேரையும் கள்ளர் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கணக்கப்பிள்ளையை எனக்குத் தெரியும்.

ஆனால் உங்களுக்கும் இதே கேள்வி உண்டு. மூன்றாவது தடவை செய்தபோது, அவர்மேல் இருந்த கோபத்தில், குறையக்கூடாது என்று உங்கள் மனதில் ஒரு மூலையில் ஆசை இருந்ததா? இருந்திருந்தால் அந்த எண்களும் அம்மாவின் 15 போலத்தான்.

லயத்துப் பிள்ளைக்குக் கைவராதோ என்ற வரியை இனி யாருக்கும் எழுதாதீர்கள். எனக்குக் கோபம் வருகிறது.

நாலாவது தடவை இப்படிச் செய்யுங்கள். கூட இருக்கும் சிநேகிதியிடம் சொல்லிச் சீட்டுக் குலுக்கி எலிகளை இரண்டு குழுவாகப் பிரிக்கச் செய்யுங்கள். போத்தல்களுக்கு அவரே எண் போடட்டும். பட்டியலை உறையில் போட்டு ஒட்டி அவரே வைத்திருக்கட்டும். பட்டினி நேரம், பிடித்த ஆள், எடுத்த மணி எல்லாம் கொப்பியில் ஏறட்டும், செத்த எலியும் சேர்த்து. முடிந்தால் அந்தக் கட்டுரை எழுதியவருக்கே கடிதம் போட்டு எப்படிப் பிடித்தீர்கள் என்று கேளுங்கள்.

தலைப்பை மாற்றவா என்று கேட்டிருந்தீர்கள். அந்த உறையைப் பிரித்த அன்று மாலை எனக்கு எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
அக்கா