ரெண்டாயிரம் ரூபாய் யார் கணக்கில் விழுகிறது?

வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் பணத்தைப் பற்றிக் காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் பலர் என்னிடம் கேட்கிறார்கள். அடிக்கடி வருகிற சில கேள்விகள் மட்டும் இங்கே.

கல்லல் பக்கம் குத்தகைக்கு உழுபவர்: அண்ணே, பதினைந்து வருஷமாக உழுகிறது நான். பணம் நிலத்துக்காரருக்குப் போகிறது. இது நியாயமா?

நியாயமில்லை தம்பி, ஆனால் விதி அப்படித்தான். வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாதத்துக்கு ஒரு தடவை 2,000. நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். ஏர் பிடிப்பது யார் என்று இந்தத் திட்டம் கேட்பதே இல்லை. நம் பக்கம் பட்டாக்காரர் சென்னையில் இருப்பார், கண்மாய் மடையில் ராத்திரி காவல் நிற்பது வேறு ஆள். பயிர்க் காப்பீட்டில் மட்டும் குத்தகைக்காரரும் சேரலாம். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் கட்டினால் போதும். எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று காட்டும் அடங்கலை உங்கள் பேரில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கண்டனூர் ஆச்சி: எங்கள் வளவில் அண்ணன் தம்பி நாலு பேர், கூட்டுப் பட்டா. நாலு பேருக்கும் வருமா?

கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதியை ஒரு புள்ளி என்று எண்ணுவது போல வைத்துக்கொள்ளுங்கள் ஆச்சி. கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம். நாலு தம்பதி என்றால் நாலு குடும்பம். ஆனால் எல்லாப் புள்ளியும் தேறாது. வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குபவர், தொழில் நடத்தும் டாக்டர், வக்கீல், ஆடிட்டர், வெளிநாட்டு வாழ் இந்தியர் எல்லாருக்கும் கிடையாது. இத்தனை பேரையும் கழித்தால் உங்கள் வளவில் யார் மிச்சம் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்!

தேவகோட்டை இளைஞர்: எங்கள் ஊரில் யார் யார் வாங்குகிறார்கள் என்று நான் பார்க்க முடியுமா?

தாராளமாக. பி.எம். கிசான் இணையதளத்தில் மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் பயனாளிகள் பெயர் வரிசையாக வரும். எட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. 2020-இல் தமிழ்நாட்டில் நடந்தது நினைவிருக்கிறதா? தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேரைச் சேர்த்து 110 கோடி ரூபாய் போயிருந்தது, சி.பி.சி.ஐ.டி. விசாரணை வரை வந்தது. தெருவுக்கு ஒருவர் பட்டியலை வாசித்திருந்தால், ‘இவருக்கு ஏது நிலம்?’ என்று முன்னாலேயே முணுமுணுப்பு கிளம்பியிருக்கும்.

காரைக்குடி ஆசிரியை: பெயரை ஊருக்கே காட்டுவது அந்தரங்கத்தில் கை வைப்பது இல்லையா?

நல்ல கேள்வி அம்மா. ஐரோப்பாவிலும் இந்தச் சண்டை வந்தது. மானியம் வாங்கும் விவசாயிகள் எல்லார் பெயரையும் வெளியிடுவது அதிகம் என்று 2010-இல் அங்கே நீதிமன்றம் சொன்னது. 2013-இல் சின்னத் தொகை வாங்குபவர் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, மறுபடி வெளியிட வழி செய்தார்கள். இங்கே 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவே மானியத் திட்டத்தின் பயனாளி விவரத்தைக் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அதே தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலை மறுக்கிற 8(1)(ஒ)... ஆங்கிலத்தில் ‘ஜே’ என்கிற உட்பிரிவை இறுக்கிவிட்டது. பெயர், ஊர், தொகை மூன்றும் தெரியலாம் என்பது என் கட்சி. ஆதாரும் வங்கிக் கணக்கு எண்ணும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஓர் ஊரில் கணக்கு எண்ணோடு பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். பகீரென்றது.

மறுபடி தேவகோட்டை இளைஞர்: சொட்டுநீர் மானியப் பட்டியல் கிடைக்கவில்லை. எப்படி எழுதிக் கேட்பது?

தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். வெள்ளைத் தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம், மற்றவருக்கு 75 சதவீதம் என்பதால், யாருக்கு எந்தக் கணக்கில் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கிராமம், ஆண்டு, பெயர், பரப்பு, தொகை என்று பிட்டுப் பிட்டு எழுதுங்கள். ‘அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்?’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கோப்பில் இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். காரணம் சொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று மனுவைத் திருப்பிவிடுவார்கள்.